ஒரு தாடைத் துண்டு, ரெண்டு பல்

"ஒரு தாடைத் துண்டு, ரெண்டு பல்லு. இதுக்குப் புது டைனோசராம்!"

கடலூர்க் கல்லூரி ஒன்றில் ஜியாலஜி சொல்லித்தரும் செந்தமிழ்செல்வன் லேப்டாப்பைப் பார்த்து முணுமுணுத்தான்.

வெளியிடலாமா, வேண்டாமா என்று கருத்துக் கேட்டு ஓர் அறிவியல் இதழ் அவனுக்கு அனுப்பியிருந்த கட்டுரை அது. எழுதியவள் கயல்விழி. எம்.எஸ்ஸி.யில் கூடப் படித்தவள், இப்போது சிதம்பரத்தில் வேலை.

டீயோடு வந்த மனைவி சந்திரலேகா எட்டிப் பார்த்தாள்.

"நம்ம கயலா? என்னா கண்டுபுடிச்சிருக்கா?"

"ஆட்டுக்குட்டி சைஸுல, தழை தின்னுற டைனோசராம்."

"அட! எங்க கெடைச்சுதாம்?"

"அரியலூர்ப் பக்கம், ஓர் ஓடைக்கரையில."

 அதே ஓடைக்கரையில் ஏழு வருஷம் வெயிலில் அலைந்தவன் அவன். கிடைத்ததெல்லாம் கிளிஞ்சல்தான். இவள் போன தை மாசம்தான் முதல் தடவை போனாளாம்!

படத்தைப் பெரிதாக்கினான். இலை மாதிரிப் பல். ஓரத்தில் ரம்ப வெட்டு. தழையை அரைத்து அரைத்துச் சாய்வாகத் தேய்ந்திருந்தது. சந்தேகமே இல்லை, டைனோசர்தான்.

வயிறு எரிந்தது.

'தழை தின்ற பழங்கால முதலைக்கும் இப்படிப் பல் உண்டு. இதுவும் முதலைதான். வெளியிடத் தகுதியில்லை' என்று எழுதி அனுப்பினான். கருத்துச் சொன்னவர் பெயரை இதழ் வெளியே சொல்லாது என்பது வசதியாகப் போயிற்று.

ரெண்டு மாசம் கழித்து, குறிஞ்சிப்பாடியில் நண்பன் வீட்டுக் கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் கயல்விழி.

"கட்டுரை திரும்பி வந்துடுச்சு செல்வா."

"அடடா! எவன் அவன்?" என்றான், சோற்றைப் பிசைந்தபடியே.

"தெரியாத மாதிரி கேக்காத. யாருகிட்டக் கருத்துக் கேக்கலாம்னு என்கிட்டயே கேட்டாங்க. உன் பேரு ஒண்ணத்தான் குடுத்தேன்."

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

"கோவமெல்லாம் இல்ல. அந்தத் தாடை இருக்குற பொட்டியில ஒட்டியிருந்த 'டைனோசர்' லேபிளைக் கிழிச்சுட்டு, 'முதலை'ன்னு எழுதி உள்ள வச்சிட்டேன்."

"கயலு, அது வந்து..."

"வேற யாராச்சும் சொல்லியிருந்தா பொறாமைன்னு நெனைச்சிருப்பேன். நீ சொன்னதாலதான்டா நம்புனேன்."