புதுசைப் பழசாக்கணும்

"இதைப் பழசாக்கித் தரணும்."

வேல்விழி நிமிர்ந்து பார்த்தாள். காதில் சரியாகத்தான் விழுந்ததா?

மேசைமேல் சாம்பல் நிறத்தில் ஒரு கோட்டு, பேன்ட்டு. பக்கத்தில் பழுப்புத் தோல் ஷூ. விலை அட்டையைக்கூட இன்னும் பிய்க்கவில்லை.

"ஐயா, நான் பழசைப் புதுசாக்குறவ."

தேனியில் அவள் கடைக்கு அதுதான் பேர். மூணாறு எஸ்டேட் பங்களாக்களில் கழித்துப் போடும் கோட்டுகளையும் ஷூக்களையும் வாங்கி வருவாள். பூச்சி அரித்த இடத்தில் இழையோட்டித் தைப்பாள். வறண்டு வெடித்த தோலுக்கு எண்ணெய் காட்டி மினுமினுக்க வைப்பாள். காலேஜ் பிள்ளைகள் 'விண்டேஜ்' என்று சொல்லி அள்ளிக்கொண்டு போகும்.

வந்தவர் சுந்தரலிங்கம். போடியில் பெரிய ஏலக்காய் வியாபாரி.

"பழசைப் புதுசாக்கத் தெரிஞ்சவளுக்குப் புதுசைப் பழசாக்கத் தெரியாதா?"

"எதுக்குய்யா?"

"காரணமெல்லாம் கேக்காத ஆத்தா. சனிக்கிழமை அமிர்தராஜுன்னு ஒருத்தன் வருவான். நம்மகிட்ட இருபது வருசமா வேலை பாக்குறவன். உசரமான ஆளு, நரைச்ச மீசை. பழைய சரக்குன்னு சொல்லி இதை எழுநூறு ரூவாய்க்கு அவனுக்குக் குடுத்துரு. எம் பேரு வெளிய வரக்கூடாது."

வேல்விழிக்குச் சுருக்கென்றது. இருபது வருசம் உழைத்தவனை வைத்தா விளையாட்டு? காசு கொழுத்தால் இப்படியெல்லாம் தோன்றும் போல.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் மனிதர் படியிறங்கிவிட்டார்.

மனசில்லாமல்தான் வேலையை ஆரம்பித்தாள். உப்புத்தாளால் ஷூவின் நுனியைத் தேய்த்தபோது தன் கன்னத்தையே தேய்ப்பது போலிருந்தது. கோட்டின் லைனிங்கை டீ டிக்காஷன் தொட்டு மங்க வைத்தாள். நல்ல பொத்தானைப் பிய்த்துவிட்டு, சேராத ஒன்றைத் தைத்தாள்.

வியாழக்கிழமை சுந்தரலிங்கம் பார்க்க வந்தார்.

"பத்தாது ஆத்தா. முழங்கை இன்னுங் கொஞ்சம் வெளுக்கட்டும்."

"தாங்காதுய்யா!"

"சரி, ஷூவைக் குடு." தன் காலுக்குப் பெரிதாக இருந்த ஷூவை மாட்டிக்கொண்டு, கடைக்குப் பின்னால் சரளைக் கல்லில் லொடக் லொடக்கென்று பத்து நடை நடந்தார்.

'கிறுக்குதான்' என்று முடிவு கட்டினாள் வேல்விழி.

சனிக்கிழமை காலையில் அமிர்தராஜ் வந்தார். கூச்சத்தோடு வாசலிலேயே நின்றார்.

"எம் மக அனிதா மேரிக்கு வர்ற புதங்கிழமை கல்யாணம் தாயி. மாதா கோயில்ல அவ கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகையில அப்பா கோட்டு சூட்டுலதான் வரணுமாம். ஒரே பிடிவாதம்."

"உள்ள வாங்கய்யா."

"மொதலாளி எடுத்துத் தர்றேன்னாக. வேணாம்னுட்டேன். நான் யாருகிட்டயும் சும்மா வாங்குனதில்ல. அதுல அவுகளுக்குக் கோவம், ரெண்டு நாளு எங்கூடப் பேசவே இல்ல. பெறகு அவுகளேதான், 'தேனியில பழைய கோட்டு கெடைக்கும், உங்காசுலயே வாங்கிக்கடா'ன்னாக."

வேல்விழிக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது. உள்ளே போய்க் கோட்டையும் ஷூவையும் எடுத்து வந்தாள்.

அமிர்தராஜ் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"ஏலே, யார்றா நீயி?" என்று கண்ணாடியைக் கேட்டுவிட்டு, வாய் நிறையச் சிரித்தார்.

"எம்புட்டு தாயி?"

"எழுநூறு."

"இம்புட்டு மலிவாவா?"

"பழசுதானேய்யா."

மறு பேச்சில்லாமல் கொடுத்தார். கூடவே கல்யாணப் பத்திரிகையும் வைத்தார்.

புதன்கிழமை ராயப்பன்பட்டி மாதா கோயிலில் மணியடித்தது. மகள் கை தன் கையில் இருக்க, சாம்பல் நிறக் கோட்டில் அமிர்தராஜ் நிமிர்ந்து நடந்து வந்தார். ஊரே திரும்பிப் பார்த்தது. கூட்டத்தில் யாரோ விசில்கூட அடித்தார்கள்.

வேல்விழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுந்தரலிங்கம், கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தபடியே கிசுகிசுத்தார்:

"எப்பிடி நம்ம வேலை? வாங்குனவனுக்கே தெரியாது!" சிரிப்பை அடக்கமாட்டாமல் அவர் தோள் குலுங்கியது.

பந்தியில் அமிர்தராஜே வந்து வேல்விழி இலையில் பிரியாணியை அள்ளி வைத்தார்.

"நல்லாச் சாப்பிடு தாயி. புதுக் கோட்டைப் பழசாக்க ரொம்பச் சிரமப்பட்டியோ?"

அவளுக்குப் புரையேறிவிட்டது.

"மெதுவா, மெதுவா. மொதலாளி அங்கனதான் ஒக்காந்திருக்காக. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா ஒடிஞ்சு போவாக."

"அப்ப எல்லாம் தெரிஞ்சேதான் வாங்குனீகளா?"

"ஒரு மனுசன் இம்புட்டு மெனக்கெட்டுக் குடுக்கையில, வாங்கிக்கிறதும் ஒரு மரியாதைதானே தாயி?"

"உங்களுக்கு எப்படிய்யா தெரிஞ்சுச்சு?"

அமிர்தராஜ் குனிந்து அவள் காதருகே சொன்னார்:

"நான் அவுக டிரைவரு தாயி. மதுரைக் கடைக்குக் கார் ஓட்டிட்டுப் போனதே நாந்தான். 'எஞ் சிநேகிதன் ஒருத்தன் உன் அளவுதான், போட்டுக் காட்டுடா'ன்னு எனக்கே மாட்டிப் பாத்துத்தானே வாங்குனாக!"