மூன்றாவது பொதி

இத்தா முடிந்த மறுநாள் என் சிநேகிதி மாதுரியும் அவள் கணவர் வெங்கிடேஷும் எங்களைக் கட்டாயப்படுத்தி, ஆலுவாவுக்கு அப்பாலுள்ள பழைய எஸ்டேட் பங்களாவுக்கு அழைத்துப் போனார்கள். நாலு மாதம் பத்து நாள் துக்கம் காத்து மட்டாஞ்சேரி வீட்டுக்குள்ளேயே இருந்தவள் நான். இறந்துபோன என் கணவர் மஜீதை அங்கே தனியாக விட்டுவிட்டுக் கிளம்புவதுபோல் இருந்தது.

அவர்கள் சைவம், புளியோதரை கொண்டுவந்தார்கள். எனக்கும் மகன் ஃபவாஸுக்கும் நான் மீன் வைத்து, வாழையிலையில் சோறு பொதிந்தேன். பழக்கத்தில் மூன்று பொதி ஆகிவிட்டது. சாப்பிட்டு முடித்து, மூன்றாவதைப் பிரிக்காமல் வராந்தாவில் வைத்துவிட்டுப் பங்களாவைச் சுற்றிப் பார்க்கப் போனோம்.

திரும்பி வந்தபோது சோறு இல்லை. இலை பாதியாக மடித்திருந்தது. உள்ளே மீன்முள் எல்லாம் ஓரமாக ஒதுக்கியிருந்தது.

“பூச்சையாயிருக்கும் உம்மா,” என்றான் ஃபவாஸ்.

“பூனை எலையை மடிச்சு வெச்சுட்டாடா போகும்?” என்று வெங்கிடேஷ் சிரித்தார்.

“போறும், சும்மா இருங்கோ,” என்றாள் மாதுரி.

ஐந்து மணிக்குக் கேட்டை அடைக்கக் காவலாளிகள் வந்தார்கள். எல்லோரும் காரில் ஏறியிருந்தோம். ஃபவாஸ் வண்டியை எடுக்கவில்லை. யாருக்காக நிற்கிறாய் என்று நாங்களும் கேட்கவில்லை. பின்சீட்டில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவன் பக்கத்து சீட் காலியாக இருந்தது.