சமர்த்துப் பொட்டலம்

“மறுபடியும் படுத்துடுச்சும்மா,” என்றார் டெக்னீசியன் ஆ-ஹோங்.

பெய்-ஜுங் கன்னத்தில் கை வைத்தபடி திரையைப் பார்த்தாள். கோடு எழும்பியது, விழுந்தது. சற்றுப் பொறுத்து மறுபடி எழும்பியது, விழுந்தது. நேற்றுக் காலையிலிருந்து இதே கூத்து.

செல்போனுக்குச் சீராக வோல்டேஜ் கொடுக்க வேண்டிய சிப் அது. எங்காவது ஷார்ட் ஆனால் எரிந்துபோவதற்குள் தானே அணைந்துவிட வேண்டும். கொஞ்சம் பொறுத்து மெல்ல எழுந்து பார்க்க வேண்டும். அந்தக் காவல் சர்க்யூட் பெய்-ஜுங் மூன்று வருடம் தூக்கம் கெட்டு வரைந்தது. இப்போது அது ஷார்ட்டே இல்லாத போர்டில் ஷார்ட், ஷார்ட் என்று அலறிக்கொண்டிருந்தது.

“சிப்பை மாத்திப் பாத்தீங்களா அண்ணே?”

“சிப்பு, ஒயரு, சப்ளை எல்லாம் மாத்தியாச்சு. இனி நான் ஒருத்தன்தான் பாக்கி. என்னையும் கழட்டி மாட்டிப் பாரு.”

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அன்று சிரிக்கவும் தெம்பில்லை.

அவர்கள் கை வைக்காதது ஒன்றே ஒன்று. சோதனை போர்டின் ஓரத்தில் சாய்ந்திருந்த பச்சைப் பொட்டலம். உள்ளே தேங்காய் மணக்கும் சோளப்பொரி. அதன் பெயருக்கு ‘சமர்த்து’ என்று அர்த்தம். தைவானின் சிப் நகரமான சின்ஜூவில் அது இல்லாத லேப் கிடையாது. அது பக்கத்தில் இருந்தால் மெஷின் சமர்த்தாக ஓடும். பச்சை நிறமாக இருக்க வேண்டும், காலாவதி ஆகியிருக்கக் கூடாது, வைத்த பிறகு யாரும் தின்னக் கூடாது, வேலை முடியும்வரை அசைக்கவும் கூடாது. மேற்படிப்புப் படித்தவர்கள்தான் இந்த விஷயத்தில் அதிகம் பயப்படுவார்கள்.

“சாப்பிட்டு வந்துட்டீங்களா?” என்று மூலையிலிருந்து எழுந்து வந்தார் மேனேஜர் லியாவ். அவர்கள் இருவரும் டப்பா சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது லேபைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். “எல்லாம் அந்தப் பழைய பொட்டலத்தோட பீடை. காலாவதியாகிக் கெடந்திருக்கு, ஒருத்தரும் பாக்கல. நான்தான் நேத்து வந்ததும் வராததுமா புதுசு வாங்கி வச்சேன்.”

“மெஷின் தலையிலதானே சார் வைப்போம்? இப்படிப் போர்டு மேல சாய்ச்சு…” என்று ஆ-ஹோங் கையை நீட்டினார்.

“ஐயோ, தொடாதய்யா!” லியாவ் பாய்ந்து தடுத்தார். “கிட்ட இருந்தா சீக்கிரம் கேக்கும்னு வச்சிருக்கேன். வேலை நடக்கும்போது அசைக்கலாமா? இத்தனை வருஷம் இங்க என்ன கத்துக்கிட்ட?”

ஆ-ஹோங் கையை இழுத்துக்கொண்டார்.

லியாவ் குரலைத் தணித்தார். “பெய்-ஜுங், சாயங்காலம் கஸ்டமர் வர்றான். உன் காவல்காரன் சரியான தொட்டாச்சிணுங்கிம்மா. அதை எடுத்துட்டு, வெளியில ரெடியா விக்கிறதை வாங்கிப் போட்டுடலாம்.”

“மூணு வருஷம் சார்.”

“எனக்குத் தெரியாதா? என் நிலைமையும் பாரு. நேத்துலேருந்து நானும் ஒரு வாய் நிம்மதியா சாப்பிடல.”

பெய்-ஜுங் மறுபடி திரையைப் பார்த்தாள். எழும்பியது, விழுந்தது. ஒருவேளை கணக்கையே தப்பாகப் போட்டுவிட்டோமோ? வாதாட நினைத்தாள். வாதாடுவதற்கும் உடம்பில் உயிர் வேண்டுமே.

“காவலை அணைச்சிடுங்க அண்ணே. அது இல்லாம ஓடுதா பாப்போம்.”

“யோசிச்சுதான் சொல்றியா? நிஜமாவே எங்கயாவது ஷார்ட் இருந்தா சிப்பு கருகிடும்.”

“அதான் எங்கயும் இல்லையே. போடுங்க. முடிஞ்சா வீட்டுக்குப் போய்த் தூங்குவேன்.” சொல்லும்போதே கண் கலங்கியது. தன் பிள்ளையைத் தானே பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்துவது போல இருந்தது.

ஆ-ஹோங் கணினியில் காவலை அணைத்துவிட்டு சப்ளையைப் போட்டார்.

‘டப்’ என்றது சிப். கரும்புகை எழுந்தது. போர்டின் ஓரத்தில் பிளாஸ்டிக் தீயும் நாற்றம். ஆ-ஹோங் அவசரமாகச் சப்ளையை நிறுத்தினார்.

பெய்-ஜுங் பச்சைப் பொட்டலத்தை நோக்கிக் கையை நீட்டினாள்.

“அதைத் தொடாத!” லியாவ் கத்தினார். சிப் வெடித்தபோதுகூட அவர் அப்படிக் கத்தவில்லை.

அவள் கேட்கவில்லை. எடுத்தாள். பொட்டலம் கனமே இல்லாமல் கையோடு வந்தது. பாதிக்கு மேல் காலி. பின்பக்கம் பிரித்த வாயை மடித்து மாட்டியிருந்த இரும்பு கிளிப், போர்டின் பிளஸ்ஸையும் மைனஸையும் சேர்த்துத் தொட்டுக் கறுத்துப்போயிருந்தது.

“அப்போ நேத்துலேருந்து என் சிப்பு உண்மையைத்தான் சொல்லிட்டிருந்துச்சா?” என்றாள் பெய்-ஜுங்.

“அது இருக்கட்டும். சமர்த்துப் பொட்டலத்தைப் பிரிச்சுத் தின்ன பாவி யாரு?” என்று ஆ-ஹோங் மேனேஜர் பக்கம் திரும்பினார்.

லியாவ் பதில் சொல்ல வாயைத் திறந்தார். தேங்காய் வாசனை முந்திக்கொண்டது.