சும்மா ஒரு பாலம்

ஞாயிற்றுக்கிழமை மதிவதனி வீட்டுக் கணினியில் ஆசைக்கு ஒரு கண்ணாடிப் பாலம் வரைந்தாள். சிறுசேரியில் அவள் கட்டிக்கொண்டிருந்த இரண்டு கோபுரங்களையும் இருபதாவது மாடியில் இணைக்கும் பாலம். வீட்டில் வரைவதெல்லாம் தானாகவே அலுவலகக் கணினிக்குப் போய்விடும். அங்கே போனதையெல்லாம் இயந்திரங்கள் விடிவதற்குள் கட்டிவிடும்; வீட்டில் எதையாவது அழித்தால் அதை உடனே இடித்தும்விடும்.

திங்கள் காலை பாலம் வெயிலில் தகதகவென்று நின்றது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பாலத்தின் நட்டநடுவே ஓடிப்போய் நின்று, வீட்டிலிருந்த கணவன் சற்குணத்தை அழைத்தாள்.

“என்னங்க, நான் வரைஞ்ச பாலம் நிஜமாவே நிக்குது! அதுமேலதான் நிக்கிறேன். கடல் தெரியுதுங்க!”

மறுமுனையில் சற்குணம் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது.

“ஹலோ?”

“மதி... கம்ப்யூட்டர்ல இடமே இல்லைன்னு வேண்டாத ஃபைலையெல்லாம் அழிச்சிட்டிருந்தேன். ‘சும்மா ஒரு பாலம்’னு ஒண்ணு இருந்துச்சு...”

“ஐயோ, நிறுத்துங்க!”

“நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன். பாதிதான் அழிஞ்சிருக்கு. அது அங்க வந்து சேர இன்னும் ஒரு நிமிஷம் ஆகும்.”

மதிவதனி செருப்பைக் கழற்றி வீசினாள். இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். இரண்டு கோபுரங்களும் ஒரே தூரத்தில் இருந்தன.

“எந்தப் பக்கத்துப் பாதின்னு சொல்லித் தொலைங்க!”