மெதுவாக, மிக மெதுவாக

“மறுபடியும் திருப்பிட்டாங்களா? இந்தத் தடவை என்ன குறையாம்?” கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி கேட்டாள் மனைவி.

“'மெதுவாக'ன்னா எவ்வளவு மெதுவாகன்னு கேட்டிருக்காங்க. மதிப்பீட்டாளருக்குப் பொழுது போகலை போல.” பேராசிரியர் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு, மடிக்கணினியைத் திறந்தார்.

“என்ன பதில் எழுதினீங்க?”

“'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி'ன்னு ஆரம்பிச்சு ஒரு பக்கம் மழுப்பியிருக்கேன்.”

கலங்கிய நீரில் வண்டல் எப்படிப் படிகிறது என்பதுதான் அவருடைய ஆய்வுக் கட்டுரை. ஆய்விதழ்க்காரர்கள் திருத்தி அனுப்பச் சொல்லித் திருப்பிய நாளிலிருந்து, மத்தியானம் ஆனால் போதும், மனைவிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். காதில் விழுந்தால்தான் பிழை தெரியுமாம்.

மனைவி ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ். பகலில் தூங்கியாக வேண்டும். ஆனால் கண்ணை மூடினால் வார்டு மணி அடிப்பதுபோலவே இருக்கும். ஒரு நாள் அசதியில் ஒருவருடைய ஊசியை இன்னொருவருக்குப் போடப் போய்விட்டாள். நல்லவேளை, கடைசி நொடியில் கவனித்தாள்.

“படிங்க. நான் தூங்கிட்டா கோவிச்சுக்கக் கூடாது.”

“என் கிளாஸ்ல தூங்காதவங்க யாரு?”

படித்தார். “பெருமணல் முதலில் இறங்குகிறது. அதன்பின் சிறுமணல். நுண்துகள்கள் மெதுவாக, மிக மெதுவாக, அவசரமே இல்லாததுபோல இறங்குகின்றன...”

பச்சைத் திரைச்சீலை வழியே வந்த வெளிச்சத்தில் அறையே தண்ணீருக்குள் இருப்பதுபோல் இருந்தது. அவள் விரல்கள் தளர்ந்தன. மூச்சு சீராக வந்தது. அவர் குரலைத் தாழ்த்தி, அதே பத்தியை மறுபடி படித்தார்.

மகள் கதவை மெல்லத் திறந்து எட்டிப் பார்த்தாள். “அப்பா, இன்னுமா திருத்தறீங்க? அது அச்சாகியே அஞ்சு மாசம் ஆச்சே,” என்று கிசுகிசுத்தாள்.

“உஸ்... அம்மாகிட்ட சொல்லித் தொலைச்சிடாதே. முடிஞ்சிடுச்சுன்னு தெரிஞ்சா, 'உங்க வேலையைப் பாருங்க'ன்னு என்னை அனுப்பிடுவா. அப்புறம் அவ தூக்கத்துக்கு எங்க போறது?”

மகள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவர் விட்ட இடத்தைத் தேடினார்.

“அந்த 'அவசரமே இல்லாததுபோல'ங்கிற வரியை இன்னொரு தடவை படிங்க,” என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே. “பாவிங்க, அச்சுல அதை எடுத்துட்டாங்க.”