இரண்டெழுத்துக் கட்டளை

"இது என்னங்க இசக்கிமுத்து? கம்பெனியா, விளையாட்டு மைதானமா?"

தமிழ்மதி திரையைக் காட்டிக் கேட்டாள். அப்பாவின் பனியன் கம்பெனிப் பொறுப்பை ஏற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நாளை மறுநாள், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஆடிட். வேலைக்குச் சம்பந்தமில்லாத எதுவும் கம்ப்யூட்டரில் இருக்கக் கூடாது.

காலையிலிருந்து, கம்ப்யூட்டரைக் கவனிக்கும் இசக்கிமுத்து ஒவ்வொரு மென்பொருளாக நீக்கிக்கொண்டிருந்தார். லினக்ஸ் கம்ப்யூட்டர். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. போடுவதும் எடுப்பதும் கட்டளை தட்டித்தான். ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தார். எஸ், எல் என்று இரண்டே எழுத்து.

"சின்ன விளையாட்டு மேடம். ஓரமாக் கெடக்கு. எடம்கூட அடைக்காது."

தமிழ்மதி மேல் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனாள். முன்பு தட்டிய கட்டளைகள் பின்னோக்கி வந்தன. இன்று நீக்கியவற்றைத் தாண்டியதும் எஸ் எல். கொஞ்சம் தள்ளி மறுபடியும் எஸ் எல். அப்புறமும் அதேதான்.

"தெனமும் யாரோ ஓட்டியிருக்காங்க. யாருங்க?"

இசக்கிமுத்து தயங்கினார். "நான்தான் மேடம்."

"டைலருங்க டீ குடிச்சுட்டு லேட்டா வந்தா சத்தம் போடறோம். நீங்க ஏசியில உக்காந்து விளையாடறீங்க. அப்பா பொறுப்புல இருந்தப்ப இது நடந்திருக்குமா? சும்மா விட்டிருப்பாரா?"

அவள் அப்பா பெருமாள்சாமி முதலாளியின் கோபம் அந்தத் தெருவுக்கே தெரியும்.

"எடுங்க."

தட்டினார். நீக்கட்டுமா என்று திரை கேட்டது. அவர் விரல் நகரவில்லை. தமிழ்மதியே குனிந்து 'ஒய்' அழுத்தினாள்.

"இந்த மாசத்தோட நின்னுக்கங்க."

"சரிங்க மேடம்."

சாயங்காலம் செக்கிங் பிரிவுப் பக்கம் போய்விட்டுத் திரும்பியவள், ஆபீஸ் கதவருகே நின்றுவிட்டாள். அவளுடைய நாற்காலியில் அப்பா. ஒற்றை விரலால் தேடித் தேடி இரண்டு எழுத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏப்பா இசக்கி, ரயிலக் காணமே?"

"சின்ன ரிப்பேரு மொதலாளி. ரெண்டு நாள்ல சரி பண்ணிருதேன்."

ரயில்!

கோடும் புள்ளியுமாய் ஒரு ரயில், புகை விட்டுக்கொண்டு திரையின் குறுக்கே ஓடும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவின் நாற்காலியில் பாதியைப் பிடித்துக்கொண்டு, "ரயில் உடுங்கப்பா, இன்னொருக்கா" என்று உயிரை எடுப்பாள். இசக்கி அண்ணன் அவளுக்காகவே போட்டுக் கொடுத்தது. அன்று அவள் ரயிலைத்தான் பார்த்தாள். எழுத்தைப் பார்த்ததில்லை.

"எத்தனை கம்ப்யூட்டர் மாத்துனோம், ரயில் ஒரு நாளும் நின்னதில்லயேப்பா."

"ஆமா மொதலாளி."

"புள்ளகிட்டச் சொல்லிப்போடாத. கெழவன் ரயில் உடறான்னு சிரிக்கும்."

"நான் எதுக்குச் சொல்லுதேன்?"

"ஆஸ்டலுக்குக் கெளம்பறப்ப, நான் வர்ற வரைக்கும் ரயில நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிப்போட்டுப் போச்சு. அதான்."

"அவங்கதான் வந்துட்டாங்களே மொதலாளி?"

பெருமாள்சாமி இன்னொரு முறை அந்த இரண்டு எழுத்தைத் தட்டிப் பார்த்தார்.

"வந்தது மேடமப்பா. புள்ளயக் காணமே."

தமிழ்மதி உள்ளே வந்தாள். அப்பா திடுக்கிட்டு எழப் பார்த்தார்.

"இசக்கி அண்ணா, அத மறுபடி போடுங்க."

தட்டினார். நிறுவட்டுமா என்று திரை கேட்டது. இந்த முறையும் அவளே 'ஒய்' அழுத்தினாள்.

"ஆடிட் அன்னிக்கு மட்டும் எடுத்துட்டு, சாயங்காலம் போட்டுருங்கண்ணா. இனி எல்லா வருசமும் நீங்களேதான் இங்க இருந்து போடோணும்."

அவள் அப்பாவின் தோளை மெல்ல இடித்தாள்.

"தள்ளி ஒக்காருங்கப்பா."