லிஜோ பார்த்தபிறகு

பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களைப் பிரீனா கைகாட்டி நிறுத்தினாள்.

"அவரு பாக்காம மூடப்பிடாது."

மூடியின் ஒரு முனையைப் பிடித்திருந்த முத்துநாயகம், அவள் கணவன் லிஜோவுக்குத் தாய்மாமன். அவர் மேற்கே பார்த்தார். வானம் கருத்துக்கொண்டு வந்தது.

"ஆளுவ எல்லாம் நிக்கியாவ மக்கா. மழ இப்பம் வந்திரும்."

"வரட்டு மாமா."

குழித்துறைப் பக்கத்தில் இது புதிதல்ல. வளைகுடாவில் லீவு கிடைக்காத பிள்ளைகளுக்காகக் கல்லறைத் தோட்டத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்காத குடும்பம் உண்டா? அங்கே ஒருவன் அழுவான். இங்கே எல்லோரும் அழுவார்கள். பிறகு மூடி விழும்.

ஆனால் லிஜோ இருந்தது செவ்வாய் கிரகத்தில்.

பிரீனா போனைப் பெட்டிக்கு மேலே பிடித்தாள். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை மெதுவாக நகர்த்தினாள். கை நடுங்கினால் படம் ஆடும் என்பதால் அவள் அழவில்லை.

பிறகு கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். "பாருங்க, உங்க கிளாஸ் ஜெஸ்பின் வந்திருக்கா. உங்ககூடப் படிச்சவங்க அத்தன பேரும் நிக்கியாவ."

அனுப்பிவிட்டுப் போனை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

படம் அங்கே போய்ச்சேரக் கால் மணி நேரம். அவன் சொல்லும் 'சரி' திரும்பி வர இன்னொரு கால் மணி நேரம்.

போதகர் ஜெபப் புத்தகத்தில் விரலை வைத்தபடி காத்திருந்தார். பாடகர்கள் பாடிய பாட்டையே மறுபடியும் பாடினார்கள். லிஜோவின் அப்பா ரசலையன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தார். காலையிலிருந்து அந்தக் கையை யாராலும் எடுக்க முடியவில்லை.

மழை ஒரேயடியாக இறங்கியது.

யாரோ பிரீனாவுக்குக் குடை பிடித்தார்கள். அவள் அதைப் பெட்டிக்கு மேலே நகர்த்தினாள். ரசலையனுக்கு யாரோ துண்டை விரித்துப் பிடித்தார்கள். ஒரு நிமிடத்தில் துண்டும் நனைந்தது, அவரும் நனைந்தார். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

போனில் லிஜோவின் முகம் வந்தது. உதடுகள் வெளுத்திருந்தன. ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மூச்சு வாங்கினான்.

"பாத்தாச்சுட்டி. கல்யாணத்துக்குப் போட்ட கோட்டத்தான் பெட்டியில வச்சிருக்கியா? நல்லா இரிக்கு."

சிரிக்கப் பார்த்தான்.

"எனக்க அடக்கத்துக்கு இவ்வளவு ஆளு வருவாவண்ணு நெனைக்கல. இனி மூடுங்க. வானம் இருட்டிட்டு வருது. மழ வாறதுக்கு முன்ன அப்பாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

படம் அணைந்தது.

ஐந்து பேர் போயிருந்தார்கள். இறங்கும்போது அடிபட்ட விண்கலம் திரும்பி வர நாலு பேரைத்தான் தூக்கும் என்றானது. யார் நிற்பது என்ற கேள்விக்கு, இடுப்பொடிந்து கிடந்த அவன்தான் முதலில் கையைத் தூக்கினான். மற்றவர்கள் நேற்றே கிளம்பிவிட்டார்கள். அவன் கூடாரத்தில் மிச்சமிருக்கும் காற்று இன்று பொழுது சாயும்வரை வரும்.

தன் அடக்கத்தைத் தான் பார்க்க வேண்டும் என்று கேட்டவனும் அவன்தான். உயிரோடிருப்பவனுக்கு எப்படி அடக்கம் என்று சபையில் ஒருவர் கேட்டபோது, இறந்தபிறகு பார்க்க முடியாதே என்று பிரீனா பதில் சொன்னாள்.

முத்துநாயகம் ரசலையனின் விரல்களை ஒவ்வொன்றாக விளிம்பிலிருந்து பிரித்தார்.

மூடி விழுந்தது. ஆணி அடிக்கத் தொடங்குமுன் பிரீனா சுவரோரம் விலகிப் போனாள். மழைச் சத்தம் பதிவில் விழாமல், நனைந்த சேலைத் தலைப்பால் போனையும் தன் வாயையும் சேர்த்து மூடிக்கொண்டாள்.

"மழைக்கு முன்னயே வீட்டுக்கு வந்தாச்சு. அப்பா காப்பி குடிச்சிட்டிருக்காவ."